பதினோரு குடும்பம் சேர்த்து வச்சவன்

உக்காருங்கம்மா, ஏன் எந்திரிச்சு நிக்கிறீங்க? ஜெராக்ஸ் கடையில ஒரே கூட்டம், அதான் லேட்டாயிடுச்சு. இந்தாங்க உங்க ஆதார். இது உங்க வீட்டுக்காரர் ஆதார். இது கல்யாணப் பத்திரிகை. எல்லாத்தையும் பைக்குள்ள பத்திரமா வச்சுக்கங்க. இந்த வக்கீல் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷமா குமாஸ்தாவா இருக்கேன், இந்த வைத்திலிங்கம் கைக்கு வந்த காகிதம் ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்ல. மேடத்தோட அப்பா காலத்துலேர்ந்து இருக்கேன். மேடம் பாவாடை சட்டையோட இந்த மாடிப்படியில ஏறி இறங்கி வெளையாடினதைப் பார்த்தவன் நான்.

மேடம் இப்ப கோர்ட்ல இருக்காங்க. ஒண்ணரைக்கு மேலதான் வருவாங்க. உங்களுக்கு ஒரு டீ சொல்லியிருக்கேன். வேண்டாம்னு சொல்லாதீங்க, சொல்லியாச்சு. ஃபேனுக்கு அடியில வந்து உக்காருங்களேன், ஏன் அந்தக் கதவோரமாவே உக்காந்திருக்கீங்க? படியில யார் ஏறி வந்தாலும் எட்டி எட்டிப் பார்க்கறீங்க. மேல் மாடியில டைப்பிங் இன்ஸ்டிடியூட் இருக்கும்மா, பிள்ளைங்க ஏறிப் போய்க்கிட்டேதான் இருக்கும்.

நீங்க மேடத்துக்கிட்ட போன்ல சொன்னது எனக்கும் தெரியும். சனிக்கிழமை வரைக்கும் வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விடக்கூடாது. சனிக்கிழமை நீங்க கோயம்புத்தூருக்கு வண்டி ஏறிடுவீங்க, திங்கக்கிழமை அங்க ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலைக்குச் சேரணும். நீங்க போய்ச் சேர்ந்தப்புறம்தான் அவருக்கு நோட்டீஸ் போகணும். அதானே? மேடம் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. "வைத்தியண்ணே, இந்தச் சுகந்தி விஷயத்துல கொஞ்சம் ஜாக்கிரதை, வெளியில யார்கிட்டயும் பேசிடாதீங்க"ன்னு. என்னைப் பார்த்துச் சொல்றாங்க பாருங்க.

நீங்க ரெண்டு விஷயம் கேட்டீங்க. எவ்வளவு நாள் ஆகும், எவ்வளவு செலவாகும். வர்றவங்க எல்லாரும் கேக்கறதுதான். மேடம்கிட்ட கேட்டா சட்டப் பிரிவு நம்பரோட சொல்வாங்க, உங்களுக்குத் தலை சுத்தும். நான் சொல்றேன் கேளுங்க.

ரெண்டு வழி இருக்கு. மொத வழி, ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறது. பிரியறதுக்கும் ஒத்துமையா வந்து நிக்கணும் பாருங்க. சிரிப்பு வரலையா? சரி. ஒரே மனு, அதுல ரெண்டு கையெழுத்து. அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது தனித்தனியா இருந்திருக்கணும். மனு போட்டு ஆறு மாசம் பொறுத்து, மறுபடியும் ரெண்டு பேரும் ஜட்ஜ் முன்னாடி வந்து, ஆமாங்கய்யா, இன்னும் அதே முடிவுதான்னு சொல்லணும். அந்த ஆறு மாசத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லியும் இப்பல்லாம் மனு போடறாங்க, சில பேருக்குக் கெடைக்குது. நடுவுல ஒருத்தர் மனசு மாறி வராம நின்னுட்டா அவ்வளவுதான். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

உங்களுக்கு அந்த வழி ஆகாது. உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடமாட்டாருன்னு நீங்களே சொல்றீங்க. எப்பிடிச் சொல்றீங்க, ஒரு தடவை கேட்டாவது பார்த்தீங்களா? கேட்டீங்களா? கேட்டதுக்குத்தான் கையில அந்தக் காயமா? நான் குக்கர் சுட்டதுன்னுல்ல நெனச்சேன். சரி, விடுங்க, மேடம்கிட்ட சொல்லுங்க அதெல்லாம்.

ரெண்டாவது வழி, ஒருத்தரா போடற மனு. இது நீளம். மனுவை டைப் பண்ணி, பத்திரிகை, கல்யாண போட்டோ, விலாசத்துக்கு ஆதாரம் எல்லாம் வச்சுக் கொடுத்து, அது நம்பர் ஆகணும். அப்புறம் நோட்டீஸ். தபால்லயும் போகும், கோர்ட் அமீனா கையிலயும் போகும். வாங்க மாட்டேன்னா கதவுல ஒட்டிட்டு வருவாங்க. ஆளே இல்லைன்னா பேப்பர்ல விளம்பரம். அப்பவும் வரலைன்னா ஒருதலையா தீர்ப்பாயிடும். வந்துட்டாருன்னா மொதல்ல கவுன்சிலிங்குக்கு அனுப்புவாங்க. ரெண்டு பேரையும் எதிரெதிரே உக்கார வச்சு, ஏம்மா, சேர்ந்து வாழக்கூடாதான்னு கேப்பாங்க. நல்ல கேள்வி. யாரும் நல்லா பதில் சொல்றதில்ல. அப்புறம் எதிர்மனு, சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா மேல வாய்தா. ரெண்டு வருஷத்துல முடிஞ்சா உங்க அதிர்ஷ்டம். ஒரு டீச்சரம்மா ஒன்பது வருஷம் வந்தாங்க. தீர்ப்பு வந்த அன்னைக்கு அந்தம்மாவும் புருஷனும் ஒரே ஆட்டோவுல பஸ் ஸ்டாண்டு போனாங்க. வெயிலுக்கு வேற ஆட்டோ கெடைக்கலையாம்.

செலவுன்னா, கோர்ட் ஸ்டாம்பு ஒண்ணுமே இல்ல. நல்ல ஹோட்டல்ல ரெண்டு பேர் சாப்பிட்ட பில்லுகூட வராது. ஃபீஸ்தான் செலவு. சம்மதத்தோட போறதுன்னா முப்பது நாப்பதாயிரத்துல முடிஞ்சிரும். சண்டை கேஸ்னா ஒரு லட்சம், அதுக்கு மேலயும் போகும். எங்க மேடம் தவணையா வாங்கிப்பாங்க, கழுத்தைப் பிடிக்க மாட்டாங்க. அதுபோக டைப்பிங், நோட்டரி, அமீனாவுக்கு வண்டிச் செலவு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்க கோயம்புத்தூர்லேர்ந்து திருச்சிக்கு வந்து போகணும், அன்னைக்குச் சம்பளம் போகும். அதையெல்லாம் யாரும் யோசிக்கறதில்ல. குழந்தை இல்ல உங்களுக்கு, அது ஒரு செலவு மிச்சம். தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தை யார்கிட்ட இருக்கணும்கிறதுக்குத் தனி மனு, தனிச் சண்டை. நகை, சீர் சாமான் திரும்ப வேணும்னா அதுக்கும் தனியாப் போடணும்.

நகை வேண்டாமா? பீரோ, கட்டில்? அதுவும் வேண்டாமா? உங்கப்பா வாங்கிக் கொடுத்ததும்மா. எதுவுமே வேண்டாம், ஆளை விட்டாப் போதும்னு சொல்றவங்களைப் பார்த்தாதான் எனக்குப் பயமா இருக்கும். குண்டுமணி நகைக்குக்கூடச் சண்டை போடறவங்க ஒரு நாள் திரும்பிப் போயிடுவாங்க. எதுவும் வேண்டாம்கிறவங்க போகமாட்டாங்க.

என்ன கேட்டீங்க? நோட்டீஸ் அவர் கைக்கு என்னைக்குப் போகும்னா?

பாருங்களேன், மங்கையர்க்கரசியும் இதையேதான் கேட்டுச்சு. செலவைப் பத்திக் கேக்கல. எத்தனை வருஷம் ஆகும்னு கேக்கல. "அண்ணே, நோட்டீஸ் அவருக்கு என்னைக்குப் போகும், தேதி மட்டும் சரியாச் சொல்லுங்கண்ணே"ன்னு கேட்டுச்சு. உங்களை மாதிரியேதான், அதே கதவோரம்.

யார் மங்கையர்க்கரசியா? சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த மேல் தட்டைப் பாருங்க. மத்த கட்டெல்லாம் செவப்பு நாடா போட்டுக் கட்டியிருக்கும், அங்க மட்டும் மஞ்சக் கயிறு கட்டின கட்டு இருக்கா? எண்ணிப் பாருங்க, பதினொண்ணு இருக்கும். அத்தனையும் இந்த ஆபீஸுக்குப் பிரியணும்னு வந்து, பிரியாமத் திரும்பிப் போன குடும்பம். கயிறு என் செலவு. மஞ்சள் தடவறதும் நான்தான். மேடம் கேட்டதுக்கு, பூச்சி அரிக்காம இருக்கும் மேடம்னு சொல்லி வச்சிருக்கேன்.

அவங்க தானா திரும்பிப் போனாங்கன்னுதான் மேடம் நெனச்சுக்கிட்டிருக்காங்க. நான் ஒண்ணும் வெளியில சொல்லிக்கறதில்ல. பேர் வாங்கவா செய்யறோம்? சேர்த்து வைக்கறது புண்ணியம். பிரிச்சு வைக்கற ஆபீஸ்ல சம்பளம் வாங்கிச் சாப்பிடறவன் நான், இந்தப் புண்ணியமாவது வேண்டாமா எனக்கு?

எங்க வீட்டம்மா? அவங்க அரியலூர்ல தம்பி வீட்டுல இருக்காங்க. பத்தொன்பது வருஷமா அங்கதான். சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. அவங்க அங்க, நான் இங்க. ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம ஒரு பையோட கெளம்பிப் போனாங்க, அவ்வளவுதான். ஏன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. ஆனா பாருங்க, நாங்க கோர்ட் வாசல் மிதிக்கல. இன்னைக்கும் ரேஷன் கார்டுல அவங்க பேர் இருக்கு.

மங்கையர்க்கரசிக்கு வருவோம். மூணு வருஷம் இருக்கும், ஆடி மாசம். துறையூர்ப் பக்கத்துல ஒரு ஊரு. புருஷன் பேரு தனபால், கல்குவாரியில மேனேஜரா இருந்தாரு. அந்தப் பொண்ணு ஒல்லியா, நெத்தியில சின்னதா ஒரு பொட்டு வச்சுக்கிட்டு வரும். நான் டைப் பண்ண பண்ண, பக்கத்துல நின்னு ஒவ்வொரு வரியாப் படிக்கும். பதினாலு பாரா. எட்டாவது பாராவுல நிறுத்திச்சு. "அண்ணே, ரெண்டு தடவைன்னு போட்டுட்டீங்க. மூணு தடவைண்ணே."

என்னன்னு கேக்கறீங்களா? அந்தத் தனபால் ஞாயித்துக்கிழமையில குவாரி லீவுல இருக்கும்போது இந்தப் பொண்ணை வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாராம். வெட்டி எடுத்த பள்ளம், தண்ணி தேங்கிக் கெடக்கும், பனைமர ஆழம். அந்த விளிம்புல பள்ளத்துக்கு முதுகு காட்டி நிக்க வச்சு, தப்பு பண்ணினேன்னு சொல்லுன்னுவாராம். என்ன தப்புன்னு கேட்டா அதையும் நீயே சொல்லுன்னுவாராம். சொல்லி முடிச்சதும் வண்டியில ஏத்தி, வழியில இளநீ வாங்கிக் கொடுத்து, வீட்டுல கொண்டாந்து விட்டுருவாரு. மூணு தடவை அப்பிடி நடந்துச்சுன்னு சொல்லுச்சு.

பயமுறுத்தறதுக்குத்தானேம்மா? தள்ளியா விட்டாரு? கோவக்கார ஆம்பளைங்க ஏதாவது ஒண்ணு பண்ணுவாங்க. ஒருத்தர் தட்டை விசிறுவாரு, ஒருத்தர் சுவத்துல முட்டிக்குவாரு. அவர் வேலை பார்க்கற எடம் குவாரி, அதனால அங்க கூட்டிட்டுப் போயிருக்காரு. இளநீ வாங்கிக் கொடுத்தாருல்ல? அதையும் மனுவுல சேர்க்கட்டுமான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு.

அது போட்டு வச்சிருந்த திட்டமும் உங்க திட்டம் மாதிரியேதான். ஓசூர்ல தங்கச்சி இருக்கு. நோட்டீஸ் போறதுக்குள்ள ஓசூர் போய்ச் சேர்ந்துடணும். அதனாலதான் தேதி தேதின்னு கேட்டது. நான் யோசிச்சேன். ஒரு மனுஷன் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றான், வீட்டுல பொண்டாட்டி இல்ல, வாசல்ல அமீனா காகிதத்தோட நிக்கறான், தெருவே வேடிக்கை பார்க்குது. எவ்வளவு அவமானம்? அவன்கிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னா, அவனும் திருந்த ஒரு வாய்ப்பு. அவன் போன் நம்பர்தான் இங்க எழுதி வாங்கின ஃபாரத்துல இருக்கே.

கூப்பிட்டேன். மறுமுனையில அவ்வளவு தன்மை. "அண்ணே, நீங்க எனக்குத் தெய்வம்ணே"ன்னாரு. அழுதுட்டாரும்மா. அன்னைக்கு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கினேன்.

மங்கையர்க்கரசி கையெழுத்துப் போட வந்த அன்னைக்கு அவரும் வந்தாரு. வெள்ளைச் சட்டை, கையில ரெண்டு முழம் மல்லி, ஒரு அல்வா டப்பா. மேடம் அன்னைக்கு மதுரையில ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தாங்க. பொண்ணு இந்த மேஜையில உக்காந்து பேனாவைத் தொறந்துச்சு. படியில காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துச்சு.

கத்துச்சுன்னு நெனக்கறீங்களா? இல்ல. பேனாவை மூடி, காகிதத்துப் பக்கத்துல வச்சுது. முந்தானையைச் சரி பண்ணிக்கிச்சு. நான் பூவை எடுத்துக் கொடுத்தேன், வாங்கி வச்சுக்கிச்சு. உண்மையிலேயே வெறுப்பு இருந்தா ஒரு பொண்ணு இப்பிடி நிக்குமா, நீங்களே சொல்லுங்க. போகும்போது எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு. "அண்ணே, என் தங்கச்சி நம்பர் அந்த ஃபாரத்துல இருக்கு." அவ்வளவுதான். அந்த நேரத்துல எதுக்குத் தங்கச்சி நம்பர்? சந்தோஷத்துல என்ன பேசறதுன்னு தெரியாமச் சொல்லிட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே மஞ்சக் கயிறு கட்டிட்டேன். ஒன்பதாவது கட்டு அது.

அப்புறமா?

அப்புறம் நல்லாத்தான் இருந்தாங்க. இருபத்தி மூணு நாள் ஒண்ணா இருந்தாங்க. நடுவுல தனபால் எனக்கு ஒரு தடவை போன் பண்ணி, கோயிலுக்குப் போயிட்டு வந்தோம்ணே, பிரசாதம் கொண்டாந்து தர்றேன்னாரு. அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு விதி முடிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை குவாரிப் பக்கம் காத்து வாங்கப் போயிருக்காங்க. கால் வழுக்கிடுச்சு. மழை பெஞ்ச ஈரம்னு பேப்பர்ல போட்டிருந்தான்.

ஏம்மா இப்பிடிப் பார்க்கறீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?

அது வேற, இது வேற. விபத்து யாருக்கு வேணாலும் நடக்கும். நான் என்ன சொல்றேன்னா, கோர்ட்டு கேஸுன்னு அலையாம, தனியா எங்கயோ ஒரு ரூம்ல கெடக்காம, புருஷன் வீட்டுல இருந்து சுமங்கலியாப் போய்ச் சேர்ந்துச்சு. அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு இருக்கு? அதனால அந்தக் கட்டை நான் எண்ணிக்கையிலேர்ந்து எடுக்கல. எதுக்கு எடுக்கணும்? சேர்த்து வச்சேனா, வச்சேன். சேர்ந்து இருந்தாங்களா, இருந்தாங்க.

அந்தத் தங்கச்சி வந்துச்சு, ஓசூர்லேர்ந்து. காரியம் முடிஞ்ச மறுநாளே வந்துச்சு. கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு இந்த நடு ஹால்ல நின்னுச்சு. "எங்கக்கா இங்க ஒரு மனு எழுதுச்சாம்ல, அதுல எல்லாத்தையும் எழுதியிருக்கேன்னு எங்கிட்ட சொல்லுச்சு, எட்டாவது பாராவுல இருக்குன்னு சொல்லுச்சு, அந்தக் காகிதத்தைக் கொடுங்க, போலீஸ்ல கொடுக்கணும்"னு கேட்டுச்சு. அன்னைக்கும் மேடம் இல்ல.

நான் நல்லாத்தான் எடுத்துச் சொன்னேன். அம்மாடி, கையெழுத்துப் போடாத மனு வெறும் காகிதம், அதுக்கு ஒரு மதிப்பும் கெடையாது, அந்தப் பொண்ணு சமாதானமாப் போன அன்னைக்கே கிழிச்சுப் போட்டாச்சுன்னேன். உண்மையில அப்ப கிழிக்கல. அந்தத் தங்கச்சி போனதுக்கு அப்புறம்தான் கிழிச்சேன். ஆபீஸ்ல கெடந்தா நாளைக்கு யாராவது எடுத்து, ஒரு குடும்பத்தோட மானத்தை நடுத்தெருவுல வைப்பாங்க. செத்துப் போன பொண்ணைப் பத்தி நாலு பேர் நாலு விதமாப் பேசறதா? கம்ப்யூட்டர்லயும் அழிச்சிட்டேன். அந்தக் கட்டுக்குள்ள இப்ப வெறும் அட்டைதான் இருக்கு. அந்தத் தங்கச்சிப் பொண்ணு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுச்சு, அதை உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. துக்கத்துல பேசறவங்களை நாம பெருசா எடுத்துக்கக் கூடாது. ஆனா எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல, அதையும் சொல்லிடறேன். நன்மை பண்ணப் போய் அப்பிடி ஒரு பேச்சு.

தனபால் இப்ப வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. பத்திரிகை அனுப்பினாரு, என்னை மறக்கல.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நீங்க பயந்துக்கிட்டே இருக்கீங்க. மனு, நோட்டீஸ், லட்ச ரூபா, வாய்தான்னு தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமே இல்ல. உங்க வீட்டுக்காரர் முகுந்தன் தம்பி ரொம்பத் தன்மையான ஆளும்மா. தனபாலைவிடத் தன்மை.

ஆமா, பேசினேன். இப்பதான், ஜெராக்ஸ் கடையிலேர்ந்து. கடையில கூட்டம்தான், ஆனா நான் வெளியில மரத்தடியில நின்னு பத்து நிமிஷம் பேசினேன்.

என்னம்மா, என்ன ஆச்சு? மூச்சை இழுத்து விடுங்க. கோவப்படுவாருன்னுதானே பயப்படறீங்க? ஒரு சத்தம் கெடையாது, ஒரு கெட்ட வார்த்தை கெடையாது. "அப்பிடியா சார், சரி சார், அவளை அங்கயே உக்கார வைங்க சார், நான் வந்துடறேன்"னாரு. நானே அசந்துட்டேன். எந்த மாடி, எத்தனை பேர் வேலை பார்க்கறீங்க, மேல ஏறி வர எத்தனை வழின்னெல்லாம் விசாரிச்சாரு. பொறுப்பான பிள்ளை. ஒரே படிதான் தம்பி, நான் ஒருத்தன்தான், தாராளமா வாங்கன்னேன். லால்குடியிலேர்ந்து வண்டியில முக்கால் மணி நேரம். இந்நேரம் பாலத்துக்கிட்ட வந்திருப்பாரு.

நீங்க போறேன்னு சொன்ன கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி பேரையும் கேட்டாரு. எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்.

வேண்டாம்மா, கும்பிடாதீங்க, வயசுல சின்னவங்க நீங்க. திரும்பவும் போன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லவா? எப்பிடிம்மா சொல்றது, கெளம்பி வந்துட்ட மனுஷன்கிட்ட? உங்களை நான் கூட இருந்து பேசி அனுப்பறேன். நான் இருக்கும்போது என்ன ஆயிடும் உங்களுக்கு?

மேடம் எந்தக் கோர்ட்லயா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடும்ப நல கோர்ட்தான், மொத மாடியில. அவங்களை எதுக்கு இப்பத் தொந்தரவு பண்ணிக்கிட்டு, வாதாடிக்கிட்டு இருப்பாங்க. என்னது? முகம் கழுவணுமா? அதான் சரி. நல்லாத் தண்ணி அடிச்சுக் கழுவிட்டு, பொட்டு வச்சுக்கிட்டு வந்து உக்காருங்க. அந்த ரேக்குக்குப் பின்னாடி கதவு இருக்கு, தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கி இழுக்கணும். பையை ஏன்மா தூக்கிட்டுப் போறீங்க, நான் பார்த்துக்க மாட்டேனா? சரி, எடுத்துட்டுப் போங்க, போங்க.

அம்மா, டீ வந்துருச்சு! ஆறிடப் போகுது!

வாங்க, வாங்க தம்பி. முகுந்தன் தம்பிதானே? பத்திரிகையில போட்டோவைப் பார்த்தேன், அப்பிடியே இருக்கீங்க. நான்தான் வைத்திலிங்கம், போன்ல பேசினேன்ல. உக்காருங்க. இருக்காங்க, இருக்காங்க, முகம் கழுவப் போயிருக்காங்க. வாசல்ல அவங்க செருப்பு கெடக்குதுல்ல, பார்த்திருப்பீங்களே. டீ குடிங்க, அவங்களுக்கு வேற சொல்லிக்கலாம். ஏன் தம்பி கதவைச் சாத்தறீங்க? காத்து வராதே.

நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. திட்டாமக் கூட்டிட்டுப் போகணும். அவங்க பயந்துபோயிருக்காங்க, அவ்வளவுதான். அந்தக் கதவுதான், ரேக்குக்குப் பின்னாடி. மெதுவாத் தட்டுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க.

இல்லையா? நல்லாப் பாருங்க தம்பி.

அடடா. அந்தப் பக்கம் இரும்புப் படி ஒண்ணு இருக்கு, பின்சந்துல எறங்கும். துப்புரவுக்கு வர்றவங்க ஏறி வர்ற வழி, நான் அதைப் படின்னே நெனக்கறதில்ல. அதான் போன்ல நீங்க கேட்டப்ப ஒரே படின்னு சொல்லிட்டேன். என் தப்புதான், என் தப்புதான், அதுக்கு ஏன் சட்டையைப் பிடிக்கிறீங்க? விடுங்க, நான் உங்க அப்பா வயசு.

இங்க ஜன்னலுக்கு வாங்க. அதோ, அந்த நீலச் சுடிதார், ஓடறாங்க பாருங்க. மேடத்தைத் தேடிக் கோர்ட்டுக்குத்தான் போறாங்க. பதறாதீங்க. நடு ரோட்டுல தடுப்பு கட்டியிருக்கான், அவங்க அந்தக் கடைசி வரைக்கும் போய்ச் சுத்திக்கிட்டுத்தான் கோர்ட் கேட்டுக்கு வரணும். நீங்க முன்வாசல்ல எறங்கி, இடது கைப் பக்கமா வண்டியில போனீங்கன்னா, அவங்களுக்கு முன்னாடியே கேட்டுக்கிட்ட நின்னுடலாம். தார் ரோடு, உச்சி வெயிலு, அவங்களால ரொம்ப வேகமாப் போக முடியாது.

தம்பி, தம்பி, ஒரு நிமிஷம். வாசல்ல கெடக்கற அந்தச் செருப்பையும் எடுத்துட்டுப் போங்க. பாவம், கால் சுடும்ல.